குச்சி என்றால் வாய்

முதலில் ஒரு ரகசியம். இதை அடக்கிக்கொண்டு என்னால் மேலே எழுத முடியாது. ஜப்பானிய மொழியில் ‘குச்சி’ என்றால் வாய்!

தைக்கோ மேளம் கற்க வருகிறவருக்கு முதலில் வேலை இந்தக் குச்சிக்குத்தான். ‘குச்சி ஷோகா’ என்பார்கள். அடிக்கப்போவதை வாயால் சொல்லிப் பழகுவது. பெரிய மேளத்தின் நடுத்தோலில் ஓங்கி விழும் அடி ‘டொன்’. அது சட்டென்று இரட்டையாக விழுந்தால் ‘டொகோ’. ஓரத்துக் கட்டையில் தட்டினால் ‘கா’, இரட்டித்தால் ‘காரா’. சின்ன மேளத்துக்குத் ‘தென்’. அடியே விழாத இடத்துக்கும் ஒரு சொல் இருக்கிறது: ‘சு’. சும்மா இருப்பதைக்கூட வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும்!

தகதிமி சொல்லித் தொடையில் தட்டி வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடிக்கும் கழிக்கு அங்கே ‘பாச்சி’ என்று பெயர். ஆக, குச்சியால் சொல்லி, பாச்சியால் அடிக்கிறார்கள். வீட்டில் எல்லோரிடமும் இதை மூன்று முறை சொல்லிவிட்டேன். என் அளவுக்கு யாரும் சிரிக்கவில்லை.

சரி, வாருங்கள், திரைக்குப் பின்னால் போவோம். முன்வரிசையில் உட்கார்ந்தால் தெரிவது ஆளைவிட உயரமான ஒரு மேளம், அதன் முன்னே முதுகைக் காட்டி நிற்கும் ஒரு மனிதர், இடி. ஆதிகாலத்திலிருந்து இப்படியே வருகிறது என்று நம்பத் தோன்றும். நானும் நம்பினேன். உள்ளே போய் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

மேளம் பழையதுதான். கோயிலில், திருவிழாவில், போர்க்களத்தில், கபுகி நாடகத்தில் அது நூற்றாண்டுகளாக ஒலித்திருக்கிறது. ஆனால் பத்துப் பன்னிரண்டு மேளங்களைப் பல அளவில் மேடையில் அடுக்கி, ஆளாளுக்கு ஒரு தாளம் வாசிப்பது 1951-இல் பிறந்த சங்கதி. நம் ‘ஹரிதாஸ்’ படத்தைவிடச் சின்னது! ஆரம்பித்தவர் நாகானோ மாநிலத்தின் ஒகாயா ஊர்க்காரரான தைஹாச்சி ஓகுச்சி. பூசாரி, புலவர் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். அவர் ஒரு ஜாஸ் டிரம்மர். ஊர்க் கோயிலான சுவா ஆலயத்தின் பழைய மேளக் குறிப்பு ஒன்று கையில் வருகிறது. வாசித்துப் பார்க்கிறார், பிடிக்கிறது. ஆனால் ஜாஸ் காதுக்கு ஒற்றை மேளம் போதவில்லை. கீச்சென்று ஒன்று, நடுத்தரமாக ஒன்று, தொம்மென்று ஒன்று எனப் பிரித்து, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டார். அதாவது ஒரு டிரம் செட்டைக் கழற்றி ஊருக்குப் பங்கு வைத்தார். ஓசுவா தைக்கோ என்ற அவர் குழுவிலிருந்துதான் இன்றைய ‘குமி-தைக்கோ’ என்கிற கூட்டு மேளம் கிளைத்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின்போது உலகப் பார்வையாளர்கள் முன்னும் அது ஒலித்தது.

அடுத்த பெட்டி இன்னும் சுவாரசியம். அது சாடோ தீவில் இருக்கிறது. நீகாத்தா துறைமுகத்திலிருந்து கார்களை ஏற்றிச் செல்லும் கப்பலில் இரண்டரை மணி நேரம். அந்தக் காலத்தில் அரசர்களையும் துறவிகளையும் நாடு கடத்திய தீவு. நோ நாடகத்தின் பேராசான் ஸெயாமிகூட 1434-இல் இங்கேதான் அனுப்பப்பட்டார். 1970 வாக்கில் டென் தாகாயாசு என்பவர் இந்தத் தீவில் இளைஞர்களைச் சேர்க்கத் தொடங்கினார். கல்லூரியை விட்டு வந்தவர்கள், நகரம் பிடிக்காதவர்கள், அடுத்து என்ன என்று தெரியாதவர்கள். திட்டம் என்ன தெரியுமா? கைவினைக் கலைகளுக்கு ஒரு கல்விக்கூடம் கட்டுவது. அதற்குக் காசு வேண்டும். காசுக்குச் சில ஆண்டுகள் மேளம் அடிப்பது! ‘ஒந்தேகோசா’ என்று பெயர் வைத்தார்கள். தீவின் பேய்மேளம் ‘ஒந்தேகோ’விலிருந்து எடுத்தது. கல்விக்கூடம் அவர்கள் நினைத்தபடி எழும்பவில்லை. நிதி திரட்ட அடித்த மேளம்தான் உலகத்தைச் சுற்றியது.

தாகாயாசுவுக்கு ஒரு பித்து உண்டு: ஓட்டம். ஓடுவதும் மேளம் அடிப்பதும் அவருக்கு ஒன்றுதான். அதனால் 1975-இல் அமெரிக்கா போனவர்கள் நேராக அரங்கத்துக்குப் போகவில்லை. பாஸ்டன் மராத்தானில் 42 கிலோமீட்டர் ஓடினார்கள். எல்லைக்கோட்டைத் தாண்டினார்கள். மற்றவர்கள் தரையில் சுருண்டு படுத்துத் தண்ணீர் கேட்கும் அந்த நேரத்தில் இவர்கள் பாச்சியை எடுத்து அடிக்க ஆரம்பித்தார்கள். இதை முதன்முதலில் படித்தபோது, மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. 1990-களின் தொடக்கத்தில் அதே பெயரைச் சுமந்த குழு அமெரிக்காவையே சுற்றி ஓடிக்கொண்டு வாசித்தது. மூன்று ஆண்டு, சுமார் 15,000 கிலோமீட்டர்!

இப்போது கோவணத்துக்கு வருவோம். வராமல் முடியுமா? பெரிய மேளமான ‘ஓ-தைக்கோ’வை இடுப்பில் வெள்ளைத்துணி ஒன்றோடு அடிப்பதைப் பார்த்ததும் “அடடா, எத்தனை புராதனம்!” என்று உருகுகிறோம். கேளுங்கள்: ஒந்தேகோசா பாரிஸில் வாசித்தபோது, அந்த உடலசைவைத் துணி மறைக்கிறதே, கோவணத்தோடு அடிக்கலாமே என்று யோசனை சொன்னவர் பியர் கார்டான் என்கிறார்கள். ஆமாம், உடுப்பு விற்றுக் கோடீசுவரரான அதே பிரெஞ்சுக்காரர்தான். ஊருக்கெல்லாம் கோட்டு மாட்டியவர் இவர்கள் கோட்டை மட்டும் கழற்றிவிட்டார். திருவிழாவில் ஆண்கள் கோவணத்தோடு வருவது ஜப்பானில் பழைய வழக்கம்தான். அதை மேடைக்கு ஏற்றிய கண் பாரிஸ் கண்.

முதுகைக் காட்டி நிற்பதும் அப்படித்தான். பார்வையாளர்களை மறந்து, மேளத்தை நேருக்கு நேர் பார்த்து, இரு கையையும் தலைக்கு மேல் தூக்கி அடிக்கும் அந்த நிலையை உருவாக்கியவர் எய்டெட்சு ஹயாஷி. ஹிரோஷிமா மாநிலத்தில் ஒரு புத்த கோயில் வீட்டில் பிறந்தவர். ஓவியராகும் ஆசையில் இருந்தவர். 1970-இல் சாடோவில் நடந்த கோடை முகாமுக்கு எட்டிப்பார்க்கப் போய், அங்கேயே தங்கிவிட்டார். பின்னர் தனியாக வெளியேறி, 1984-இல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்தார்.

மேடையில் எனக்கு மிகப் பிடித்தது ‘யதாய்-பயாஷி’. இதற்கு நிஜமான ‘திரைக்குப் பின்’ கதை உண்டு. டோக்கியோவுக்கு வடமேற்கே சிச்சிபு என்ற ஊர். ஒவ்வொரு டிசம்பர் 2, 3 தேதிகளிலும் அங்கே இரவுத் திருவிழா. பல டன் எடையுள்ள தேர்கள் விளக்குகளோடு மேட்டில் ஏறும். மேளச் சத்தம் கேட்கும். ஆனால் மேளக்காரர் ஒருவர்கூடக் கண்ணில் படமாட்டார்! அவர்கள் தேரின் வயிற்றுக்குள், துணிக்குப் பின்னால், நிமிர்ந்து நிற்க இடமில்லாமல் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருப்பார்கள். தேர் திரும்ப வேண்டிய இடத்தில் தாளம் மாறும். இழுப்பவர்களுக்கு அதுதான் உரம். இந்த ஒளிந்திருக்கும் மேளத்தை ஒந்தேகோசா வெளிச்சத்துக்கு இழுத்து வந்தது. உட்கார்ந்திருந்ததைப் பாதி சாய வைத்தது. காலுக்கிடையே மேளம், முதுகு தரையில் படாது, எழுந்தும் உட்காராது, வயிற்றுத் தசையின் பலத்திலேயே அந்தரத்தில் நின்று நிமிடக்கணக்கில் அடி. பார்க்கிற நம் வயிறு வலிக்கும். நான் தரையில் பாய் விரித்து முயன்றேன். பதினொரு விநாடி!

1981-இல் தாகாயாசு ஒரு பக்கமும் மற்றவர்கள் இன்னொரு பக்கமுமாகப் பிரிந்தார்கள். ஒந்தேகோசா என்ற பெயர் அவரோடு போனது. தீவில் தங்கியவர்கள் ‘கோடோ’ ஆனார்கள். அந்தப் பெயரின் ஓசைக்கு இதயத்துடிப்பு என்று பொருள். எழுதும் எழுத்துகளுக்கு மேளத்தின் பிள்ளைகள் என்று பொருள். அதே ஆண்டில் பெர்லின் விழாவில் அரங்கேற்றம். 1984-இல் ‘ஒன் எர்த் டூர்’ என்று கிளம்பியவர்கள் இன்றுவரை ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போய்விட்டார்கள். ஆண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளிநாடு, ஒரு பங்கு ஜப்பான், ஒரு பங்கு தீவு. 1988-இல் தீவிலேயே ‘கோடோ கிராமம்’ அமைத்து, ‘எர்த் செலிப்ரேஷன்’ என்ற விழாவையும் தொடங்கினார்கள். போய்க்கொண்டே இருப்பதற்குப் பதில், உலகத்தையும் கொஞ்சம் இங்கே வரவழைப்போம் என்ற கணக்கு.

இந்தக் குழுவில் சேர வேண்டுமா? காக்கினோஊரா என்ற கடலோர ஊரில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடம். இரண்டு ஆண்டு அங்கே வாசம். கைப்பேசி கிடையாது, டிவி கிடையாது, மது, புகை எதுவும் கிடையாது. விடியலில் எழுந்து ஓட்டம் (தாகாயாசுவின் பித்து இன்னும் விடவில்லை!). வயலில் இறங்கி நெல் நடுவார்கள். சமைப்பார்கள், பெருக்குவார்கள், தேநீர் விருந்தின் முறை படிப்பார்கள், நோ நாடகத்தின் அசைவும் பாட்டும் கற்பார்கள், தங்கள் பாச்சியைத் தாங்களே செதுக்குவார்கள். மீதி நேரத்தில் மேளம். மேளம் வாசிக்க வந்தவனிடம் ஏன் களை பிடுங்கச் சொல்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றும். ‘டொன்’ என்று இடுப்பிலிருந்து சொல்லிப் பாருங்கள், பதில் கிடைக்கும். குனிந்து நாற்று நட்ட இடுப்பும் தாழ்ந்து நின்று மேளம் அடிக்கும் இடுப்பும் ஒன்றே. இரண்டு ஆண்டு முடிந்ததும் எல்லோருக்கும் இடம் உண்டா? இல்லை. சிலரைத்தான் எடுப்பார்கள், அதுவும் ஓராண்டு பரீட்சார்த்தமாக.

இப்போது மேளம் செய்யும் கூடத்துக்குள் எட்டிப்பார்ப்போம், காலணியைக் கழற்றிவிட்டு. இஷிகாவா மாநிலத்தின் ஹாக்குசானில் அசானோ தைக்கோ என்ற பட்டறை 1609-இலிருந்து இருக்கிறது. நல்ல மேளத்துக்கு ‘கெயாக்கி’ மரம். ஒட்டுப்பலகை இல்லை, ஒரே அடிமரத்தைக் குடைந்து எடுக்கிறார்கள். குடைந்ததும் அடித்துவிட முடியாது. வருடக்கணக்கில் காய வேண்டும். உள்சுவரில் உளியால் வரிவரியாகச் செதுக்குவதும் உண்டு, நாதத்துக்காக. பிறகு மாட்டுத்தோல். கயிறு கட்டி, கீழே ஜாக்கி வைத்து இழுக்கிறார்கள். அடுத்து நடப்பதைப் பார்த்தால் நீங்கள் கைதட்டுவீர்கள்: கைவினைஞர் மேளத்தின் மேல் ஏறி நின்று தோலை மிதிக்கிறார்! குதிகாலால் அழுத்தி, சுற்றி வந்து, மறுபடி மிதித்து. இறங்குகிறார், தட்டிக் கேட்கிறார், இன்னும் இழுக்கிறார், மறுபடி ஏறுகிறார். நாம் பறையை நெருப்பில் காட்டிச் சூடேற்றுகிறோம். அவர்கள் பெரிய மேளத்துக்குச் சுதியை முதலிலேயே மிதித்து ஏற்றி, ஆணி அறைந்து பூட்டிவிடுகிறார்கள்.

கூடத்தின் இந்த மூலையில் என் துள்ளல் கொஞ்சம் அடங்குகிறது. தோல் உரித்து, பதப்படுத்தி, மேளம் செய்த மக்களை ஜப்பானியச் சமூகம் நெடுங்காலம் தீண்டத்தகாதவர்களாக வைத்திருந்தது. ஒசாகாவின் நானிவா பகுதி அப்படிப்பட்ட மேளம் செய்வோரின் ஊர். அடித்தவருக்குக் கைதட்டல், செய்தவருக்கு ஏளனம். 1987-இல் அந்த ஊர் இளைஞர்கள் தாங்களே பாச்சியைக் கையில் எடுத்தார்கள். குழுவுக்கு வைத்த பெயர் ‘இக்காரி’. கோபம் என்று பொருள். பறையின் கதை தெரிந்த நமக்கு இதற்கு மேல் ஒரு வரியும் தேவையில்லை.

சரி, உலகத்துக்கு எப்படிப் போனது? கோடோ கப்பலேறிப் போனது ஒரு வழி. அதற்கு முன்பே கலிபோர்னியாவில் இன்னொரு வழி திறந்திருந்தது. அதில்தான் என் மனம் போய் நிற்கிறது. 1967-இல் ஜப்பானிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வந்த செய்இச்சி தனாகா, அங்கே செர்ரிப் பூ விழாவில் மேளச் சத்தமே இல்லாததைப் பார்த்துத் திகைத்தார். 1968-இல் சான்பிரான்சிஸ்கோ தைக்கோ தோஜோ தொடங்கிவிட்டார். 1969-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு புத்த கோயில். விழா முடிந்து மேளத்தை உள்ளே எடுத்து வைக்க வந்தவர்கள் சும்மா தட்டிப் பார்த்தார்கள். தட்டினார்கள், தட்டினார்கள், கை கொப்பளிக்கும்வரை மணிக்கணக்கில் தட்டினார்கள். கின்னரா தைக்கோ அப்படிப் பிறந்தது.

ஆசை வந்துவிட்டது, மேளம்? ஜப்பானிலிருந்து வாங்க ஆயிரக்கணக்கில் டாலர். கோயில் பிள்ளைகளிடம் ஏது? கலிபோர்னியாவில் எது மலிவு என்று பார்த்தார்கள். ஒயின் பீப்பாய்! ஓக் மரப் பீப்பாயை வாங்கி, தேய்த்து, தோலை ஊறவைத்து, இழுத்து, ஆணி அடித்து, தங்கள் மேளத்தைத் தாங்களே செய்துகொண்டார்கள். இன்றைக்கும் அமெரிக்காவில் பல குழுக்களின் மேளம் ஒயின் பீப்பாய்தான். கொஞ்சம் போதையோடு பிறந்த மேளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பிள்ளைகள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போரின்போது 1942-இலிருந்து சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முள்வேலி முகாம்களில் அடைத்தது. வெளியே வந்த பெரியவர்கள் பலர் அதைப் பற்றி வீட்டில் வாயே திறக்கவில்லை. அடங்கி இரு, கண்ணில் படாதே, சத்தம் போடாதே என்று வளர்ந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் 1973-இல் தொடங்கிய சான் ஹோசே தைக்கோ போன்ற குழுக்களில் நின்றார்கள். சத்தம் போடாதே என்று சொல்லப்பட்டவர்கள் கையில் உலகத்திலேயே பெரிய சத்தங்களில் ஒன்று! அவர்களில் பெண்களும் இருந்தார்கள். இன்று வட அமெரிக்கக் குழுக்களில் பெண்களே பெரும்பான்மை. கோவணத்து ஆண் முதுகையே தைக்கோவின் முகமாக விளம்பரங்கள் இன்னும் காட்டுவது எனக்குச் சலிப்பாக இருக்கிறது.

கிளைகள் கிளைத்துக்கொண்டே போகின்றன. ரைலி லீ என்ற அமெரிக்கர் 1973-இல் ஒந்தேகோசாவில் சேர்ந்தார். பிறகு ஆஸ்திரேலியா போய், இயன் கிளிவொர்த்தோடு 1997-இல் ‘தைக்கோஸ்’ குழுவை ஆரம்பித்தார். பிரிட்டனில் 1994-இலிருந்து முகென்கியோ. பிரேசிலில் ஜப்பானியக் குடியேறிகளின் பேரப்பிள்ளைகள் குழு குழுவாக.

சண்டை வராமல் இருக்குமா? 1999-இல் டோக்கியோவின் ஓஎடோ சுகெரோகு தைக்கோ குழு வட அமெரிக்கக்காரர்களுக்கு ஒரு கடிதம் விட்டது. மேளத்தைச் சாய்வாக நிறுத்தி அடிக்கும் எங்கள் பாணியை வாசிக்க எங்களிடம் அனுமதி வாங்குங்கள் என்று. அங்கே ஒரே பரபரப்பு. தாளம் யாருக்குச் சொந்தம்? சிச்சிபு தேரின் வயிற்றிலிருந்தவர்களுக்கா, மேடைக்கு இழுத்து வந்தவருக்கா, ஒயின் பீப்பாயில் அடிப்பவருக்கா? என் கட்சி இது: யாரிடம் கற்றோம் என்று மேடையில் பெயரைச் சொல்லிவிட்டு அடித்தால் போதும். பெயரைச் சொல்லாமல் அடிப்பதுதான் திருட்டு.

கடைசியாகப் பின்கதவைத் திறந்து காட்டுகிறேன். கைதட்டல் ஓய்ந்து விளக்கு அணைந்தபின் பெரும்பாலான குழுக்களில் நடப்பது இதுதான்: இடியாய் முழங்கியவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிய கல்யாணச் சமையல் ஆட்கள் மாதிரி சாமான் ஏற்றுகிறார்கள். மேளம், தாங்கி, பாய், கயிறு, மறுபடி மேளம். கோடோவின் பெரிய மேளம் ஒன்றே சுமார் 400 கிலோ. உள்ளங்கையில் கொப்புளம், அதன்மேல் பிளாஸ்திரி, அதன்மேல் இன்னொரு கொப்புளம். நொறுங்கிய பாச்சிகளின் சிம்பு தரையெல்லாம். அந்த 400 கிலோ முழங்கும்போது அரங்கத்துக் கைக்குழந்தைகள் வீறிட்டு அழுவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? தூங்கிவிடுகிறார்களாம்! கருவில் கேட்ட அம்மாவின் நெஞ்சுத்துடிப்புப் போல இருக்கிறது என்பது கோடோ சொல்லும் காரணம்.

எனக்கோ தூக்கம் போயே போய்விட்டது. புதிதாகத் தொடங்கும் குழுக்களுக்கு மேளம் வாங்க வசதி இருக்காது. அவர்கள் பழைய கார் டயரில் ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிச் சுற்றி அதில் பழகுகிறார்கள் என்று தெரிந்ததும் பஞ்சர் கடைக்கு ஓடினேன்.

“அண்ணாச்சி, ஒரு பழைய டயர் கிடைக்குமா?”

“ஊஞ்சல் கட்டவாம்மா?”

“இல்லண்ணாச்சி, மேளம் அடிக்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். காசு வாங்கிக்கொள்ளவில்லை.

நீங்களும் இறங்குவதாக இருந்தால்: டயர் ஒன்று, அகலமான ஒட்டுநாடா மூன்று சுருள், மண்வெட்டிக் காம்பை முழங்கை நீளத்துக்கு அறுத்த துண்டு இரண்டு. முதல் வாரம் குச்சியால் மட்டும், அதாவது வாயால். இரண்டாம் வாரம் பாச்சி. டயரை மாடியில் வைப்பதென்றால் கீழ்வீட்டு மாமியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை.